வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆள் புகுந்துவிட்டால் எதைப் பார்ப்பான், எதைச் செய்வான்?

கெடிலக்கரையான் (கடலூர்)

வணக்கம். நான் பத்திர எழுத்தர். பகலில் பதிவு அலுவலக வாசல், ராத்திரியில் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைவு அடிப்பது. விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டாப். அதில்தான் பிளஸ் டூ படிக்கிற மகன் விளையாடுகிறான், வீட்டுக்காரி சீட்டுக் கணக்கு எழுதுகிறாள்.

போன வாரம் அடுத்தடுத்து இரண்டு நடந்தது. மகனுடைய இன்ஸ்டாகிராமிலிருந்து, "நான் இதில் பணம் போட்டேன், இரட்டிப்பாகக் கிடைத்தது, நீயும் போடு" என்று அவன் நண்பர்களுக்கெல்லாம் செய்தி போயிருக்கிறது. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை, ஓடிபியும் வரவில்லை என்கிறான். மறுநாள் எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில். தலைப்பிலேயே என்னுடைய பழைய பாஸ்வேர்டு. "உன் கம்ப்யூட்டர் முழுவதும் என் கையில். உன் கேமரா வழியாக உன்னைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் உனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போகும்."

எங்கள் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது. அதனால் பாதிச் சிரிப்பு, பாதி பயம். உண்மையிலேயே ஒருவன் உள்ளே வந்தால் என்னவெல்லாம் தெரியும்? நான் அடிப்பதை உட்கார்ந்து பார்ப்பானா? பார்ட்டிகளின் ஆதார், பான், மூலப்பத்திர ஸ்கேன் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. அணைத்து வைத்தால் போதுமா? தெரிந்த கடையில், ஃபார்மட் அடித்தால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள்.

ஓடி ஹார்பர் (கடலூர் முதுநகர்)

முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள் சார். மீதியைப் பிறகு பேசலாம்.

பணம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதே மாதிரி மெயிலுக்குப் பயந்து அனுப்பினார். இளிச்சவாயன் கிடைத்தான் என்று மறுபடியும் கேட்டு வந்தது.

லாஸ்பேட்டை சர்வீஸ் (புதுச்சேரி)

இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மெயில் பொய். இன்ஸ்டாகிராம் விஷயம் மெய். பயப்பட வேண்டியது இன்ஸ்டாகிராமுக்குத்தான்.

அந்த மெயில் 2018 வாக்கிலிருந்து உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பெரிய தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் கசிந்ததை எல்லோரும் படித்திருப்போம். பட்டியலில் இருக்கிற மெயில் முகவரி, பாஸ்வேர்டு இரண்டையும் எடுத்து ஒரே கடிதத்தில் பொருத்தி லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் படம் வைத்திருப்பவன் ஒரு படத்தையாவது ஒட்டி அனுப்பியிருப்பான். உங்களிடம் கேமரா இருக்கிறதா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லையே! அந்தப் பழைய பாஸ்வேர்டை இன்னும் எங்காவது வைத்திருந்தால் மாற்றுங்கள். மெயிலுக்குப் பதில் போடாதீர்கள்.

பையன் கடைசியாக என்ன இன்ஸ்டால் செய்தான் என்று கேளுங்கள். அடிக்காமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

கெடிலக்கரையான்

அடிக்கவில்லை சார், பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஒரு கேமுக்கு கிராக், அதாவது காசு கட்டாமல் ஓட வைக்கிற திருட்டு புரோகிராம். யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்கில் எடுத்திருக்கிறான். ஜிப் ஃபைல், அதைத் திறக்க பாஸ்வேர்டு 1234. கூடவே ஒரு குறிப்பு: "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும், தவறாக வைரஸ் என்று காட்டும்." நிறுத்தியிருக்கிறான். கேம் திறக்கவே இல்லையாம். கருப்பாக ஒரு ஜன்னல் வந்து மறைந்ததாம், அவ்வளவுதான்.

நெல்லிக்குப்பத்தார் (பெங்களூர்)

ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். சைபர் பாதுகாப்பில்தான் எனக்கு வேலை.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதே ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்தக் கருப்பு ஜன்னல் வந்து போன நேரத்திலேயே வேலை முடிந்திருக்கும். நீங்கள் நினைக்கிற மாதிரி ஒருவன் இருட்டறையில் உட்கார்ந்து உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது உண்டு, ஆனால் குறைவு. இன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதிகம் விழுவது 'இன்ஃபோஸ்டீலர்' என்ற வகை. வரும், அள்ளும், அனுப்பும், பல நேரம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். பிறகு நீங்கள் ஸ்கேன் செய்தால் "வைரஸ் இல்லை" என்று வரும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

அட்மின் அனுமதி கொடுக்கவில்லையே, அப்புறம் எப்படி எடுத்தான் என்று பலர் கேட்பார்கள். உங்கள் பெயரில் ஓடுகிற புரோகிராமுக்கு நீங்கள் திறக்க முடிகிற எல்லாமே திறக்கும். திறப்பது நீங்கள்தான் என்றே விண்டோஸ் நினைக்கும். டாகுமெண்ட்ஸ் ஃபோல்டர், டெஸ்க்டாப், பிரவுசர் எல்லாம் அதில் அடக்கம். அட்மின் அனுமதி தேவைப்படுவது இன்னும் ஆழமாக வேர் விடுவதற்கு.

அள்ளிய சரக்கு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். விற்பனைக்கு வந்த தொகுப்புகளை ஆராய்வது என் வேலையில் ஒரு பகுதி. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபோல்டர். பெயரில் நாட்டின் இரண்டெழுத்துக் குறியும் ஐபி முகவரியும் (நெட் இணைப்பின் எண்) இருக்கும். திறந்தால் முதலில் பாஸ்வேர்டுகள் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு என்று மூன்று மூன்று வரியாக இறங்கிக்கொண்டே போகும். பக்கத்தில் குக்கீகளுக்கு, அதாவது தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கிற சின்னக் குறிப்புகளுக்கு, தனி ஃபோல்டர். அடுத்தது ஆட்டோஃபில், அதாவது எந்தக் காலத்திலோ படிவங்களில் நீங்கள் அடித்த பெயர், செல் நம்பர், தெரு, பின்கோடு. கம்ப்யூட்டரின் பெயர், ராம், கீபோர்டு மொழிகள், இருக்கிற மென்பொருள்கள், அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தவை. டெஸ்க்டாப்பிலிருந்து சில ஃபைல்கள். கடைசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட். பாதிக்கு மேல் அந்தப் படத்தில் கிராக் இன்ஸ்டால் ஆகிற ஜன்னலே தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. யாரோ ஒரு பையனின் டெஸ்க்டாப், பின்னால் ஏதோ நடிகர் படம், ஹால் டிக்கெட் ஃபைல்.

இந்த ஃபோல்டர்கள் மொத்த வியாபாரம். திருடுகிறவன் ஒருவன், வாங்குகிறவன் வேறொருவன். வாங்கியவன் தனக்கு வேண்டியதைத் தேடி எடுப்பான்: ஒருவனுக்கு இன்ஸ்டாகிராம், ஒருவனுக்கு கிரிப்டோ வாலட், இன்னொருவனுக்கு ஏதாவது கம்பெனியின் லாகின். ரெட்லைன் என்ற ஸ்டீலரை 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கினார்கள். 2025 மே மாதம் லூம்மா என்பதை மைக்ரோசாஃப்டும் அமெரிக்க நீதித்துறையும் முடக்கியபோது, இரண்டே மாதத்தில் அது தொற்றிய விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் 3,94,000-க்கு மேல் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது.

மாடிவீட்டு ராஜி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

அண்ணா, ஓடிபி வராமல் எப்படி உள்ளே போனான்? அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பத்தார்

நல்ல கேள்வி மேடம். அதற்குக் காரணம் குக்கீ. கெடிலக்கரையார் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. பதிவு ஆபீஸில் அடையாளத்தைக் காட்டி டோக்கன் வாங்கிய பிறகு, டோக்கன் நம்பரைத்தான் கூப்பிடுகிறார்கள். வாசலில் காட்டிய அடையாளத்தை ஒவ்வொரு மேசையிலும் கேட்பதில்லை. நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு உள்ளே போனதும் தளம் பிரவுசருக்குக் கொடுக்கிற டோக்கன்தான் குக்கீ. அதைக் காப்பி எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் வைத்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளாகத்தான் தளம் அவனைப் பார்க்கும். பல தளங்களில் ஓடிபி கேட்கிற இடமே வராது.

2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த மெயில் இணைப்பை அங்கே வேலை செய்பவர் ஒருவர் திறந்தார், செஷன், அதாவது உள்ளே இருப்பதற்கான அந்த டோக்கன், போனது. கம்ப்யூட்டரை விமர்சிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள்.

குரோம் சும்மா இல்லை. 2024 ஜூலையில் 127-ஆம் பதிப்பில், குக்கீயைக் குரோம் மட்டுமே பிரிக்க முடிகிற மாதிரி கூடுதல் பூட்டு போட்டார்கள். சில மாதத்துக்குள் திருடர்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். அதற்காக பிரவுசரை அப்டேட் செய்யாமல் விடாதீர்கள். பழைய பதிப்பில் அந்தப் பூட்டுகூட இல்லை.

மாடிவீட்டு ராஜி

அப்படியானால் என் கவலை வேறு. எங்கள் மாமியார் வீட்டில் கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடும். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மச்சினர் குடும்பம் பாரிஸில். ராத்திரி வீடியோ காலுக்காக வெப்கேமை ஹாலில் டிவி பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எடுப்பதே இல்லை. லைட் எரியாவிட்டால் கேமரா ஓடவில்லை என்று நம்பலாமா?

லாஸ்பேட்டை சர்வீஸ்

யூஎஸ்பி கேமரா என்றால் பிடுங்கி வையுங்கள். ராத்திரி கால் வரும்போது சொருகினால் போகிறது. இதற்கு ஏன் ஆராய்ச்சி?

நெல்லிக்குப்பத்தார்

சார் சொன்னதே சரி. ஆனால் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேமராவைத் திருட்டுத்தனமாகத் திறப்பது கட்டுக்கதை அல்ல. 2013-இல் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் வாங்கிய பெண்ணின் லேப்டாப் கேமராவில் படம் எடுத்து மிரட்டியவன், அவருடன் ஒரே பள்ளியில் படித்தவன். 18 மாதம் சிறை. பிளாக்ஷேட்ஸ் என்ற கருவி 40 டாலருக்கு விற்றது. 2014 மே மாதம் பல நாடுகளில் 90 பேருக்கு மேல் கைதானபோது, அது தொற்றிய கம்ப்யூட்டர்கள் 5 லட்சத்துக்கு மேல், நூறு நாடுகளுக்கு மேல் என்றார்கள். கேமரா, கீபோர்டு, ஃபைல் எல்லாமே அதில் ஒரு கிளிக்.

லைட் விஷயம்: 2013-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், ஆப்பிளின் 2008-க்கு முந்தைய மேக்புக், ஐமேக் சிலவற்றில் லைட் எரியாமலே கேமராவை ஓட்டிக் காட்டினார்கள். பிறகு வந்த பல லேப்டாப்களில் கேமராவுக்கு மின்சாரம் போனாலே லைட் எரிகிற மாதிரி வயரிங் செய்திருக்கிறார்கள். விலை குறைந்த யூஎஸ்பி கேமராவுக்கு அப்படி யாரும் உத்தரவாதம் தருவதில்லை. லேப்டாப் என்றால் ஒரு துண்டு டேப் போதும். அமெரிக்க எஃப்பிஐ தலைவராக இருந்த ஜேம்ஸ் கோமியே 2016-இல் தான் டேப் ஒட்டுவதாகச் சொன்னார்.

எல்லோரும் மறப்பது மைக்கை. அதற்கு லைட்டே பெரும்பாலும் கிடையாது, டேப் ஒட்டினாலும் கேட்கும். விண்டோஸில் எந்த ஆப் மைக்கைத் தொட்டது என்று பிரைவசி செட்டிங்கில் பார்க்கலாம், ஆனால் திருட்டு புரோகிராம் அங்கே தன் பெயரை ஒழுங்காகக் காட்டும் என்று நம்பாதீர்கள். வீட்டில் பாட்டி யாராவது ஹாலில் உட்கார்ந்து பென்ஷன் கணக்கை போனில் சத்தமாகச் சொல்கிறவர் என்றால் மைக்கைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மாடிவீட்டு ராஜி

பாட்டி சொல்வது தெருமுனை வரை கேட்கும். ஹேக்கர் எதற்கு?

வில்லியனூர் பென்குயின் (புதுச்சேரி)

விண்டோஸை விட்டொழியுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? லினக்ஸ் போடுங்கள். காசும் இல்லை, கிராக்கும் இல்லை, வைரஸும் இல்லை.

கெடிலக்கரையான்

தம்பி, என் பழைய வரைவெல்லாம் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கிறது. ஸ்கேனர் டிரைவர் சிடி விண்டோஸ் 7 காலத்தது. நீங்கள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட வைத்துக் கொடுத்தால் நாளைக்கே மாறுகிறேன், சாப்பாடு என் வீட்டில்.

நெல்லிக்குப்பத்தார்

பென்குயின் சொல்வதில் பாதி உண்மை. கேம் கிராக் வகையறாவில் பெரும்பாலானவை விண்டோஸுக்குத்தான் எழுதப்படுகின்றன. ஆனால் நம் பெயரில் ஓடுகிற புரோகிராம் நம் ஃபைல்களைத் தொடும் என்ற விதி அங்கேயும் அதேதான். மேக்குக்கும் ஸ்டீலர்கள் விற்கிறார்கள்.

ஓடி ஹார்பர்

ஒரு சந்தேகம். மவுஸ் தானாக நகரும், ஜன்னல் தானாகத் திறக்கும் என்பார்களே? என் கம்ப்யூட்டரில் மவுஸ் சில நேரம் மூலைக்கு ஓடுகிறது.

லாஸ்பேட்டை சர்வீஸ்

மவுஸைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருக்கிற அழுக்கைத் துடையுங்கள். கடல் காத்து உப்பு வேறு. கடைக்கு அந்தப் புகாரோடு வருகிறவர்களில் நான் பார்த்தவரை எல்லாம் அழுக்குதான், இல்லையென்றால் பேட்டரி.

நெல்லிக்குப்பத்தார்

மவுஸை ஆட்டிக் காட்டுவது பழைய காலத்து விளையாட்டு. 1998, 99-இல் நெட்பஸ், சப்செவன் என்று இருந்தன. சிடி டிரேயைத் திறந்து மூடி நண்பனைப் பயமுறுத்துவார்கள். பணத்துக்காக வருகிறவன் அப்படிச் செய்ய மாட்டான். உங்கள் டெஸ்க்டாப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு டெஸ்க்டாப்பைத் திறந்து, அங்கே உங்கள் பிரவுசரை ஓட்டுகிற கருவிகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு பக்கம் கிரையப் பத்திரம் அடித்துக்கொண்டிருப்பீர்கள், அவன் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே, உங்கள் ஐபியிலிருந்தே பேங்க் பக்கத்தைத் திறந்திருப்பான். பேங்க்குக்கு அது வழக்கமான ஆள், வழக்கமான இடம்.

மவுஸ் கண்முன்னே நகர்கிறது என்றால் பெரும்பாலும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற எதையாவது நாமே போட்டு, போனில் பேசியவனுக்கு எண்ணைச் சொல்லியிருப்போம். எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது.

கீபோர்டில் அடிப்பதையும் பதிவு செய்யலாம். பேங்க் தளத்தில் திரையிலேயே கீபோர்டு வருகிறதே, அதில் கிளிக் செய்தால் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவை வந்து பல காலம் ஆகிறது. காப்பி பேஸ்ட்டையும் பார்ப்பான். கிரிப்டோ முகவரியைக் காப்பி செய்தால், பேஸ்ட் ஆகும்போது அவனுடைய முகவரியாக மாறியிருக்கும்.

சில்வர் பீச் காத்து (கடலூர்)

ஜிபே, போன்பே எல்லாம் போய்விடுமா? என் போனும் அதே வைஃபையில்தான் இருக்கிறது.

நெல்லிக்குப்பத்தார்

யுபிஐ அந்தப் போனோடும் சிம்மோடும் கட்டப்பட்டது. கம்ப்யூட்டரில் விழுந்தது வைஃபை வழியாகத் தாவி உங்கள் ஜிபேயைத் திறக்கும் என்று பயப்பட வேண்டாம். போனுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது: கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக ஏற்றுகிற ஃபைல்.

ஆனால் இரண்டு பாலங்களைப் பாருங்கள். வாட்ஸ்அப் வெப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தே வைத்திருந்தால் உரையாடல் முழுக்கத் திருடனின் கண்ணில் படும். போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' போய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். போன் எஸ்எம்எஸ்ஸைக் கம்ப்யூட்டரில் காட்டுகிற போன் லிங்க் மாதிரி எதையாவது போட்டிருந்தால் ஓடிபியே கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஎன்எஸ் சேஞ்சர் என்று ஒன்று, நீங்கள் அடிக்கிற முகவரியைத் தன் வழிக்குத் திருப்பியது. அந்தக் கும்பலை 2011 நவம்பரில் பிடித்த பிறகும், தொற்றிய கம்ப்யூட்டர்களுக்கு நெட் அறுந்துவிடக் கூடாதே என்று 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சர்வர் ஓட்ட வேண்டியிருந்தது.

ஓடி ஹார்பர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய கல்யாண போட்டோ தவிர ஒன்றுமில்லை. எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டுமே!

நெல்லிக்குப்பத்தார்

ஃபைல் இல்லாவிட்டாலும் உங்கள் ஐபி முகவரி இருக்கிறதே. உங்கள் வீட்டு நெட் வழியாக வேறொருவன் மோசடி செய்வான், பதிவில் உங்கள் முகவரி நிற்கும். 2024 மே மாதம் 911 எஸ்5 என்ற வலையைப் பிடித்தார்கள். இலவச விபிஎன் (நெட்டில் நம் ஐபியை மறைக்கிற ஆப்) என்று நம்பி மக்கள் போட்ட ஆப்கள் மூலம் 1.9 கோடிக்கு மேல் ஐபி முகவரிகளைச் சேர்த்து, குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். விசாரணைக்கு வருகிற போலீஸ் முதலில் தட்டுவது ஐபிக்காரர் கதவை.

ஓடி ஹார்பர்

சரி, வயரைப் பிடுங்கிவிட்டேன்.

லாஸ்பேட்டை சர்வீஸ்

அணைத்து வைத்தால் போதுமா என்று முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அணைந்த கம்ப்யூட்டரைப் பார்க்க முடியாது, நெட் இல்லாவிட்டாலும் முடியாது. பெஞ்சல் புயலுக்குக் கரண்ட் போனபோது ஹேக்கருக்கும் சேர்த்துத்தான் லீவு. ஆனால் மறுபடி போட்டால் அதுவும் சேர்ந்து எழுந்திருக்கும்.

ஆகவே கெடிலக்கரையார் ஃபார்மட் அடிப்பதே நல்லது. பேக்கப் எடுத்துக்கொண்டு முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினால் ஒரு மணி நேர வேலை. உங்கள் ஊர்க் கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை.

நெல்லிக்குப்பத்தார்

தப்பில்லை, ஆனால் வரிசை முக்கியம் சார். ஃபார்மட் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும். ஏற்கெனவே வெளியே போன குக்கீ, ஃபார்மட் அடித்த பிறகும் அவனிடம் உயிரோடு இருக்கும்.

முதலில் சுத்தமான போனிலிருந்து, கிராக் போட்ட கம்ப்யூட்டரைத் தொடாமல், மெயிலிலிருந்து ஆரம்பியுங்கள். மெயில் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் மீட்டுவிடலாம். எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுத்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மீட்பு மெயில், மீட்பு நம்பர் உங்களுடையதுதானா பாருங்கள். ஜிமெயிலில் ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பாருங்கள். பேங்க் மெயில் வந்தால் தனக்கு ஒரு காப்பி அனுப்பிவிட்டுக் குப்பைக்குத் தள்ளு என்று விதி எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் பேங்க், இன்ஸ்டாகிராம், மற்றவை. ஃபார்மட் அதற்குப் பிறகு.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மட் செய்துவிட்டு, விண்டோஸுக்குக் காசு கட்டாமல் இருக்க எந்த ஆக்டிவேட்டர் (திருட்டு புரோகிராம்) போடுவீர்கள்?

லாஸ்பேட்டை சர்வீஸ்

குத்திவிட்டீர்கள். ஒரிஜினல் விண்டோஸ் விலையைச் சொன்னால் கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போகிறார். அவன் ஓசியில் போட்டுக் கொடுக்கிறான். நான் என்ன கடையை மூடவா?

நெல்லிக்குப்பத்தார்

மூட வேண்டாம். கேஎம்எஸ்பிகோ பெயரில் சுற்றுகிற போலி ஆக்டிவேட்டர்களில் கிரிப்ட்பாட் என்ற ஸ்டீலர் இருந்ததை 2021-லேயே கண்டுபிடித்தார்கள். ஆக்டிவேட் செய்யாமல் விட்டால் மூலையில் ஓர் எழுத்து நிற்கும், வால்பேப்பர் மாற்ற முடியாது. அதை முறையான வழி என்று சொல்லவில்லை, கிராக்கை விட ஆயிரம் மடங்கு மேல் என்கிறேன். கஸ்டமரிடம் இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

வில்லியனூர் பென்குயின்

அதைத்தானே நான் மேலே சொன்னேன்?

கெடிலக்கரையான்

சொன்னபடி போனிலிருந்து பார்த்தேன். என் ஜிமெயிலில் ஒரு சாதனம் கூடுதலாக இருந்தது, நான் போகாத ஊரின் பெயர் போட்டிருந்தது. வெளியேற்றிவிட்டேன். ஃபார்வர்டிங் இல்லை. ஆனால் ஃபில்டரில் ஒன்று இருந்தது: ஒரு கிரிப்டோ நிறுவனத்தின் பெயர் வந்தால் நேராகக் குப்பைக்கு. எனக்கு அந்த நிறுவனத்தில் கணக்கே கிடையாது!

நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரையும் திறந்து பார்த்தேன். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பச்சை டிக் காட்டுகிறது. மகன் மறுபடி ஆன் செய்துவிட்டானாம். 'விலக்குகள்' என்ற பகுதியைப் பார்த்தால் சி டிரைவ் முழுவதும் விலக்கில் இருக்கிறது. அதாவது ஸ்கேன் ஆகும், எதையும் பார்க்காது.

லாஸ்பேட்டை சர்வீஸ்

அந்த விலக்குப் பட்டியல்! கடைக்கு வருகிற எல்லா மெஷினிலும் இனிமேல் அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.

நெல்லிக்குப்பத்தார்

ஃபில்டர் புரிகிறது. உங்கள் மெயிலில் ஒரு கணக்குத் திறந்து எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள், அங்கிருந்து வருகிற மெயில் உங்கள் கண்ணில் படக்கூடாது என்று விதி. குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும்; அழிக்காமல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் நடந்ததை நீங்களே முதலில் சொல்லிவிட்டதாக ஆவணம் இருக்க வேண்டும். ஐடி சட்டம் 66சி, அடையாளத் திருட்டு.

பார்ட்டி ஆவணங்கள்தான் உங்கள் விஷயத்தில் பெரியது. பத்திர ஸ்கேனில் ஆதார் எண்ணும் இருக்கிறது, பெருவிரல் ரேகையும் இருக்கிறது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையில் ஆதார் எண், வங்கிப் பெயர், ரேகை போதும்; ஓடிபி கேட்காது. பதிவான பத்திர நகலிலிருந்து ரேகையை எடுத்து அச்சு செய்து பணம் எடுத்த கும்பல்கள் வடக்கிலும் பிடிபட்டிருக்கின்றன, கர்நாடகத்திலும் பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீலர் பொதுவாகச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்களைத்தான் அள்ளும், உங்கள் ஸ்கேன்கள் போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் பார்ட்டிகளிடம் எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் பூட்டு போடச் சொல்லுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பதிவு அன்றைக்குத் திறக்க மறந்தால் ரேகை ஏறாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மாடிவீட்டு ராஜி

நாங்கள் பாண்டி. 1930 எங்களுக்கும் அதே நம்பர்தானா?

ஓடி ஹார்பர்

முள்ளோடை தாண்டினால் சரக்கு விலைதான் மாறும், நம்பர் மாறாது. தளத்தில் மாநிலம் கேட்கும்போது புதுச்சேரி என்று கொடுங்கள்.

கெடிலக்கரையான்

ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன், 1930-இல் சொல்லிப் புகார் எண்ணும் வந்துவிட்டது. பார்ட்டிகளில் வயதானவர்கள் பலரிடம் பட்டன் போன்தான். அவர்களுக்கு எம்ஆதார் எப்படி?

நெல்லிக்குப்பத்தார்

ஆதாரோடு இணைந்த செல் நம்பர் அவர்களிடம் இருந்தால் போதும். ஆதார் தளத்திலும் பூட்டலாம், ஓடிபி அந்த பட்டன் போனுக்கே வரும். நீங்கள் உட்கார வைத்துச் செய்து கொடுங்கள். நம்பரே இணைக்காதவர்கள் ஆதார் சேவை மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

லாஸ்பேட்டை சர்வீஸ்

கெடிலக்கரையாரே, ஃபார்மட்டுக்கு என் கடைக்கே கொண்டு வாருங்கள், சிபியு மட்டும் போதும். பேக்கப்பில் பத்திர ஃபைல், ஸ்கேன், போட்டோ மட்டும். பையன் சேர்த்து வைத்த செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். விண்டோஸ் 11 அந்த மெஷினுக்கு ஏறாது என்று நினைக்கிறேன், பிராசசர் என்னவென்று எழுதுங்கள். ஆக்டிவேட்டர் போட மாட்டேன், இங்கேயே எழுதிக் கொடுக்கிறேன்.